கீச்சு மெஷினும் ஆவி மெஷினும்

என் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கண் சோதிக்கும் பெரிய கருவியைத்தான். எனக்கு உயிர் என்னவோ மேசை ஓரத்தில் இருக்கும் அல்ட்ராசோனிக் கிளீனர்தான். ஒரு படி அரிசி வேகிற பாத்திரம் அளவுக்கு ஸ்டீல் தொட்டி, மேலே மூடி, முன்பக்கம் இரண்டு பொத்தான். தண்ணீர் ஊற்றி, அழுக்கான மூக்குக் கண்ணாடியைக் கூடையில் வைத்து இறக்கிப் பொத்தானை அழுத்தினால் கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பும். மூன்றே நிமிடத்தில் ஃபிரேமின் இடுக்குகளிலிருந்து அழுக்கு மேகம் மேகமாகப் பிரிந்து தண்ணீரில் இறங்கும். எங்கள் ஊர் ஆனைக்கரையில் அல்ட்ராசோனிக் என்றால் யாருக்கும் விளங்காது. கீச்சு மெஷின் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் கண்ணாடியை வெறும் துணியால் துடைத்து மாளாது. காய் எடுத்த கையோடு தொட்டுத் தொட்டு, காம்புகளில் கறுப்பாகப் பிசுக்கு ஏறியிருக்கும். அதன்மேல் மருந்து அடித்த படலம், அதன்மேல் வியர்வை உப்பு. கூச்சத்தோடு நீட்டுவார்கள். நான் வாங்கி மெஷினில் போட்டு எடுத்துக் கொடுத்ததும் போட்டுப் பார்த்துவிட்டு, “இது என் கண்ணாடிதானாக்கா?” என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே காசு வாங்காமல் எத்தனை கண்ணாடி கழுவியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

புகழ்ச்சி தலைக்கு ஏறினால் என்ன ஆகும்? கண்டதையும் மெஷினில் போட ஆரம்பித்தேன். கல்யாண மோதிரம், சிலுவை டாலர், சாவிக்கொத்து எல்லாம் பளபளவென்று வந்தன. பக்கத்து வீட்டு அக்காவின் முத்து ஜெபமாலையும் வந்தது. மூன்று நிமிடம் கழித்து எடுத்தபோது முத்தின் மினுக்கம் போய், பல்லி முட்டை கோத்த மாலைபோல் இருந்தது. அந்த அக்கா ஈஸ்டர் வரைக்கும் என்னோடு பேசவில்லை. இன்னொரு முறை ஒரு பள்ளி ஆசிரியரின் லென்ஸ். மேல்பூச்சில் ஏற்கெனவே கீறல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கீறல் வழியாகப் பிடித்துக்கொண்டு பூச்சு முழுவதும் செதில் செதிலாக உரிந்துவிட்டது. புது லென்ஸ் போட்டுக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு மெஷினின் குணம் புரிந்தது. அழுக்கு எது, பூச்சு எது என்று அதற்குத் தெரியாது. எது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதைப் பிடித்து உலுக்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் என் வீட்டுக்காரரின் ஆவி பிடிக்கிற மெஷின் என் கடைக்கு வந்தது. அது ஏன் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அவருடைய மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரருக்கு வண்டன்மேட்டில் வேலை. போடிக்காரர் ஒருவர் அங்கே ஏலக்காய் கொள்முதல் கடை வைத்திருக்கிறார். விவசாயிகள் காயைக் காய வைத்து, அதில் ஒரு கை அள்ளிப் பொட்டலம் கட்டி மாதிரி கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்து மறுநாள் விலை சொல்வது இவர் பொறுப்பு. நிறமும் பருமனும் கண்ணுக்குத் தெரியும். எடை தராசுக்குத் தெரியும். ஆனால் காய் உலர்த்துகிற ஸ்டோரில் சூடு போகும் குழாய் ஓட்டை விழுந்து காயில் விறகுப் புகை ஏறியிருக்கிறதா, சாக்கில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிக்கப் போகிறதா என்பது மூக்குக்கு மட்டும்தான் தெரியும். ஒரு காயை நசுக்கி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி இழுப்பார். பிறகு ஒரே வார்த்தை. அந்த வார்த்தையை நம்பித்தான் முதலாளி சரக்கு எடுத்தார். பார்க்கவும் கொஞ்சம் பெரிய மூக்குதான். கல்யாணத்துக்கு முன்பு போட்டோவைப் பார்த்துவிட்டு நான் யோசித்ததே அந்த மூக்கால்தான். பிறகு பார்த்தால் சோறு போட்டதும் அதுவேதான்.

ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாள் படுக்கை, ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி, அடிப்பிடித்து, கருகி, அந்த நாற்றம் கொல்லை வரைக்கும் வந்து நான் ஓடினேன். இவர் அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, பால் கருகுறது கூடத் தெரியாம என்னத்தப் படிக்கிறீங்க?” என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பாலைப் பார்த்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஏலக்காய் டப்பாவை எடுத்தார். ஒன்றை நசுக்கினார், முகர்ந்தார். இன்னொன்றை நசுக்கினார். ஐந்தாறு காய் நசுக்கின பிறகு டப்பாவை மூடி வைத்துவிட்டு, “ஒண்ணும் வரல” என்றார். அவர் முகம் அப்படிப் போனதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவது உண்டு, பெரும்பாலும் திரும்பி வரும், எப்போது என்று சொல்ல முடியாது, மூக்கடைப்புக்கு ஆவி பிடியுங்கள் என்றார். ‘எப்போது என்று சொல்ல முடியாது’ என்பதைக் கொண்டுபோய் முதலாளியிடம் எப்படிச் சொல்வது? மூக்கு போன ஆளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இரண்டு பேரும் பேசி, யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவெடுத்தோம். தலைவலிக்கிறது, மாதிரியை வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று முதல் நாள் சமாளித்துவிட்டு, மாதிரிப் பொட்டலங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் காப்பி குடித்து முடித்ததும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

“நீ மோந்து பாரு. என்ன வருதுன்னு சொல்லு.”

“ஏலக்கா வாசம் வருது.”

“அது எனக்குந் தெரியும். அதுக்குள்ள என்ன வருதுன்னு கேக்கேன்.”

அப்படித்தான் நான் கற்றுக்கொண்டேன். நல்ல காய் முதலில் இனிக்கும், பின்னால் கற்பூரம் மாதிரி மூக்கில் ஒரு குளிர்ச்சி தட்டும். புகை ஏறின காயில் அந்தக் குளிர்ச்சிக்குப் பதில் தொண்டையில் ஒரு கரகரப்பு. ஈரம் பட்டது பழைய சாக்கு வாசம். ஆரம்பத்தில் எல்லாமே எனக்கு ஒன்றுபோல்தான் இருந்தன. எரிச்சலாகக்கூட வந்தது. “நாள் பூரா கண்ணைப் பாத்துட்டு வந்து, சாயந்திரம் மூக்கையும் பாக்கணுமா?” என்று சலித்துக்கொண்டேன். போகப்போக எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பென்சிலால் குறித்துக்கொள்வார். இத்தனை வருடக் குடித்தனத்தில் என் வாயிலிருந்து வரும் வார்த்தைக்காக அவர் அப்படிக் காத்திருந்ததே இல்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவருக்கு மூக்கு வர வேண்டும் என்று தினமும் ஜெபித்தவள்தான் நான். இருந்தாலும் அந்தச் சாயங்காலங்கள் பிடித்திருந்தன என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆவி மெஷின் சவுதியிலிருந்து வந்தது. நாத்தனார் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணனுக்கு இப்படி என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தோம், கேட்டதும் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள். நம்மூர் மருந்துக் கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் குவளை மாதிரி இல்லை. அடியில் மின்சாரத்தில் சூடாகும் கிண்ணம், உள்பக்கம் ஒட்டாத தவா மாதிரி கறுப்புப் பூச்சு. அதன்மேல் துளை போட்ட ஸ்டீல் தட்டு, வளைந்த ஸ்டீல் குழாய், ஒரு ரப்பர் வளையம், முகத்தில் வைத்துக்கொள்ள மெத்தென்ற சிலிகான் மூடி. போனில் அவள் ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னாள்.

“மதினி, வெறும் தண்ணி மட்டுந்தான் ஊத்தணும். வேற ஒரு சாமானும் உள்ள போடக் கூடாது, கேட்டியளா?”

கேட்டேன். கேட்டுவிட்டு மறுநாள் காலையே ஒரு கைப்பிடி ஏலத்தோலைப் போட்டேன். எங்கள் ஊரில் டீயில் போடுவோம், பாயசத்தில் போடுவோம், பல்வலிக்கு வாயில் அடக்குவோம், துணி அலமாரியில் போடுவோம். போன வாசத்தைத் திரும்பக் கொண்டுவர வெறும் தண்ணீரா? யாருக்கு மனசு வரும்? தோலோடு நாலு காயும் தட்டிப் போட்டேன். துண்டைப் போர்த்திக்கொண்டு அவர் குனிந்தால், தெரு வரைக்கும் ஏலக்காய் மணக்கும்.

“வருதா?” என்று நான் கேட்பேன்.

“வரல” என்று துண்டுக்குள்ளிருந்து பதில் வரும்.

தினமும் இதே கேள்வி, இதே பதில். இரண்டு மாதம், மூன்று மாதம் போயிற்று. பிறகு நான் கேட்பதையே விட்டுவிட்டேன். ‘வரல’ என்று சொல்லும்போது அவர் குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறங்கிக்கொண்டு வந்தது. அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஐந்தாம் மாதம் மெஷின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஆவி நூல் மாதிரி வந்தது, நடுவில் கொதிக்கிற தண்ணீரைத் துப்பியது. ஒரு நாள் அவர் கன்னத்தில் தெறித்துச் சிவந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கண்றாவி. தட்டின் துளைகளில் பாதி அடைத்துப்போயிருந்தன. குழாய்க்குள் தாரைப்போல் ஒரு பழுப்புப் பிசின், அதோடு எங்கள் கிணற்று நீரின் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. விரலை விட்டால் விரல் ஒட்டிக்கொண்டது.

“தூரப் போடு” என்றார் அவர். “அஞ்சு மாசமா ஆவி புடிச்சு என்ன கண்டேன்? மூக்குள்ளவரைக்கும் சளிம்பாக. எனக்கு மூக்கும் இல்ல, சளியும் இல்ல. விடு.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் மெஷினை மட்டும் சொல்லவில்லை என்று தெரிந்தது. “கழுவாம தூரப் போடவா கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்? ஏங்கிட்ட குடுங்க. புதுசாக்கித் தரேன்” என்று வீறாப்பாகச் சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் கைவிட்ட பிறகு நானும் கைவிட்டால் என்ன மிஞ்சும் என்ற பயம்தான் அந்த வீறாப்பு.

கடையில் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டேன். வீடியோவில் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“மதினி! இதுக்குள்ள ஏலக்காயவா போட்டிய? வெறும் தண்ணின்னு எத்தன மட்டம் சொன்னேன்!”

“சரி, போட்டாச்சு. இப்ப என் மெஷின்ல போடலாமா கூடாதா? அதச் சொல்லு.”

அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலும் இதே மாதிரி மெஷின் பெரியதாக இருக்கிறதாம், ஆபரேஷன் கத்திகளைக் கழுவ. அதனால் விஷயம் தெரிந்தவள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டச் சொன்னாள். ஸ்டீல் தட்டும் குழாயும் தாராளமாகப் போடலாம். சூடாகும் கிண்ணத்தைத் தண்ணீருக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது, அடியில் கரண்ட் சமாச்சாரம், உள்ளே பூச்சு வேறு. பூச்சு என்றதும் எனக்கு அந்த ஆசிரியரின் லென்ஸ் கண்முன் வந்தது, நானே கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். ரப்பரும் சிலிகானும் போட்டால் கெட்டுப்போகாது, ஆனால் பிரயோசனமும் இல்லை, அந்தச் சத்தத்தை ரப்பர் விழுங்கிவிடும் என்றாள். கையால் கழுவினாலே போதும்.

“பிசின் சும்மா தண்ணிக்குப் போகுமா? கடையில சானிடைசர் ஸ்பிரிட் கெடக்கு. தொட்டியில ஊத்தி மெஷினை ஓட்டவா?”

“ஐயையோ! பத்திக்கிட்டா கடையோட போயிருவிய! தொட்டியில ஸ்பிரிட்டு ஒரு சொட்டு கூடாது. தனியா மூடி போட்ட பாட்டில்ல ஊறப் போடுங்க. பொறவு நல்லா அலசிட்டு மெஷின்ல போடுங்க.”

பின்கதவைத் திறந்து வைத்து, ஒரு ஊறுகாய் பாட்டிலில் ஸ்பிரிட்டை ஊற்றி, தட்டையும் குழாயையும் போட்டு மூடினேன். ஊறட்டும் என்று இரண்டு பேருக்குக் கண் பார்த்து அனுப்பினேன். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் பிசின் இளகியிருந்தது. அலசிவிட்டு, மெஷினில் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் எலுமிச்சைத் திரவம் கொஞ்சமும் விட்டுக் கூடையை இறக்கினேன். கீச்சென்று கத்த ஆரம்பித்ததும் குழாயின் வாயிலிருந்து பழுப்பு நிறம் சுருள் சுருளாக வந்தது. தண்ணீர் கடுங்காப்பி ஆகிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். இரண்டாம் தடவை டீ நிறம். மூன்றாம் தடவை பார்லித் தண்ணீர். கடை முழுக்க ஏலக்காய் மணத்தது. கண்ணாடிக்கு வந்த ஒரு மலையாளி அம்மா, “சேச்சி இவிட சாயக்கடையும் தொடங்கியோ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சாயக்கடை என்றால் டீக்கடை.

ஸ்டீல் தட்டைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டினேன். அத்தனை துளையிலும் வெளிச்சம் வந்தது. குழாய்க்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் தெருவே தெரிந்தது. தனியாக உட்கார்ந்து கைதட்டாத குறை. மூலையில் இருந்த சுண்ணாம்பு மட்டும் முரண்டு பிடித்தது. அதை வினிகரில் தோய்த்த பழைய பல்துலக்கும் பிரஷ் கவனித்துக்கொண்டது. கிண்ணத்தில் வினிகர் கலந்த தண்ணீரைக் காய்ச்சிக் கொட்டித் துணியால் துடைத்தேன். ரப்பர் வளையத்தைக் கையால் கழுவினேன்.

மிச்சம் சிலிகான் மூடி. கையால் கழுவு என்று நாத்தனார் சொன்னது நினைவிருந்தது. ஆனால் இவ்வளவு அழகாகக் கழுவித் தந்த மெஷின் இதை மட்டும் விட்டுவிடுமா என்ன? அந்தத் திரவத்தை இன்னும் இரண்டு மடங்கு ஊற்றி மூடியை உள்ளே போட்டேன். அது மிதந்தது. அமுக்கி, மேலே கூடையைக் கவிழ்த்து வைத்து அரை மணி நேரம் ஓட்டினேன். அவள் சொன்னது சரி. மூடியில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, மெஷின்தான் சூடானது. எடுத்து ஒரு தடவை தண்ணீர் காட்டினேன். அதற்குள் கடைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். துடைத்துப் பையில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் பூட்டி, வெறும் தண்ணீர் ஊற்றி, மூடி இல்லாமல் ஒரு தடவை ஆவி விட்டுப் பார்த்தேன். குழாயிலிருந்து ஆவி ரயில் எஞ்சின் மாதிரி வந்தது. மூடியை மாட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். அவருக்கு இஷ்டமே இல்லை. நான் பட்ட பாட்டுக்காகத்தான் வந்து உட்கார்ந்தார்.

“ஏலத்தோல் போடலியா?”

“போட மாட்டேன். ஒங்க தங்கச்சி திட்டுறா. இனிமே வெறும் தண்ணிதான்.”

முணுமுணுத்துக்கொண்டே துண்டைப் போர்த்தினார். நான் தோசைக்கல்லைப் போட்டேன். முதல் தோசையைத் திருப்பியிருக்க மாட்டேன், துண்டை வீசிவிட்டு எழுந்துவிட்டார்.

“என்ன எழவைப் போட்டுக் கழுவுன? எலுமிச்சங்கா நாத்தம் தாங்க முடியல! மூஞ்சில சோப்பைக் கரைச்சு ஊத்துன மாதிரி இருக்கு!”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டிருக்கிறேன். தோசைக் கரண்டியோடு திரும்பினேன். “கழுவாட்டி ஒரு பேச்சு, கழுவுனா ஒரு பேச்சா? ஒங்களுக்கெல்லாம் எவ கழுவிக் குடுப்பா? எலுமிச்சங்கா இருந்தா என்ன, மூஞ்சி அழுகியா போயிரும்?”

“ஒழுங்கா அலச மாட்டியா? கடையில கண்ணாடிக்கும் இப்படித்தான் அலசுவியா? எலுமிச்ச வாடை தலைக்கு ஏறுது…”

அந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. நான் அடுத்த வசவுக்கு மூச்சு இழுத்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டேன். அவர் மெதுவாக உட்கார்ந்து, மூடியை இரண்டு கையாலும் பிடித்து மறுபடி முகத்தில் வைத்து இழுத்தார்.

“எலுமிச்ச” என்றார். இந்தத் தடவை கத்தவில்லை.

கரண்டியைப் போட்டுவிட்டு நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அடுப்பில் தோசை தீய்ந்தது. “தோசை கருகுது” என்றார். அதைக் கேட்டு இன்னும் அழுதேன். எழுந்து போய் வீட்டில் கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்தேன். காப்பித்தூள்: ஏதோ வருகிறது, காப்பி என்று சொல்ல முடியவில்லை. பூண்டு: வருகிறது. பற்பசை: கொஞ்சம். நேற்றுக் கழற்றிப் போட்ட அவருடைய பனியன்: “இது நல்லாவே வருது.” சிரித்துக்கொண்டே கடைசியில் ஏலக்காய் டப்பாவைத் திறந்தார். நசுக்கினார், முகர்ந்தார்.

ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து மாதமும் நாங்கள் அவர் மூக்கை ஏலக்காயால் மட்டும்தான் சோதித்திருக்கிறோம். வேறு எதையும் முகரக் கொடுக்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. காலையில் ஏலத்தோல், சாயங்காலம் ஏலப்பொட்டலம், நடுவில் ஏலக்காய்க் கடை. ஏலக்காய் வரவில்லை என்றால் எதுவுமே வரவில்லை என்றே வைத்துக்கொண்டோம். மற்ற வாசமெல்லாம் எத்தனை நாளாக வாசலில் நின்றதோ, யாரும் கேட்கவில்லை. இந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாராவது இப்படி ஒரு முட்டாள்தனம் செய்வார்களா?

“பரவால்ல” என்றார் அவர், டப்பாவை மூடிக்கொண்டே. “இது வந்துருச்சுல்ல. அதுவும் வரும்.” ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அந்தக் குரலில் நம்பிக்கை இருந்தது.

என் கீச்சு மெஷின்தான் புருஷனின் மூக்கைத் திறந்தது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும்போல் வாய் துறுதுறுத்தது. விஷயம் ரகசியம் ஆயிற்றே, சொல்ல முடியவில்லை. நாத்தனாரிடம் மட்டும் சொன்னேன். “மூக்கு தன்னால வந்துருக்கு மதினி. ஒங்க மெஷின் அதக் காட்டிக் குடுத்துச்சு, அவ்வளவுதான்” என்று அடக்கிவிட்டாள். காட்டிக் கொடுத்ததும் மெஷின் இல்லை, சரியாக அலசாத என் சோம்பேறித்தனம்தான். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

அதன்பிறகு வாரம் ஒரு தடவை தட்டும் குழாயும் மட்டும் மெஷினில். மூடியும் வளையமும் கையால், மூன்று தண்ணீரில். கிண்ணத்துக்கு ஈரத்துணி. ஏலத்தோல் கிடையவே கிடையாது. அவர் தினமும் காலையில் எலுமிச்சைத் தோல், கிராம்பு, காப்பித்தூள் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். சாயங்காலப் பொட்டலங்கள் வழக்கம்போல் என் மூக்குக்கு வந்தன. ஒரு மாதம் கழித்து, நான் ஒரு பொட்டலத்தை முகர்ந்துகொண்டிருக்கும்போதே, “கொஞ்சம் இரு” என்று வாங்கினார். கண்ணை மூடி இழுத்தார். “குளிர்ச்சி வருது” என்றார். இனிப்பு வர இன்னும் மூன்று வாரம் பிடித்தது. பிறகு புகையும் வந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வெறும் சட்டைப் பையோடு வீட்டுக்கு வந்தார். பொட்டலங்களைக் கடையிலேயே பார்த்து முடித்துவிட்டாராம். சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான், ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன், கைக்கு ஒரு வேலையும் இல்லை. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். என் முகத்தில் ஏதாவது தெரிந்ததோ என்னவோ, அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

அடுத்த வாரம் காலையில், “இன்னைக்குக் கடையப் பூட்டிட்டு வண்டன்மேட்டுக்கு வா” என்றார். எதற்கென்று கேட்டதற்குச் சொல்லவில்லை. போனால், போடியிலிருந்து முதலாளி வந்திருந்தார். மேசைமேல் வரிசையாக மாதிரிப் பொட்டலங்கள். வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“மொதலாளி, ஒங்ககிட்ட ஒண்ணு மறச்சுட்டேன். காய்ச்சலுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு மேல எனக்கு மூக்கு இல்ல. இப்பத்தான் வந்துருக்கு. அந்த ஆறு மாசமும் நீங்க எடுத்த சரக்கு பூரா இவ மோந்து பாத்துச் சொன்னது. அதச் சொல்லாம இருக்க எனக்கு மனசு கேக்கல.”

கழுதை, மூக்கு வந்ததும் வேலையைத் தொலைக்கப் பார்க்கிறதே என்று மனதுக்குள் திட்டினேன். முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அவரை ஏறெடுத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிறகு வரிசையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார்.

“சொல்லும்மா.”

ஒரு காயை எடுத்தேன். நசுக்கினேன். கண்ணை மூடி இழுத்தேன். இனிப்பு வந்தது, குளிர்ச்சி வரவில்லை, தொண்டையில் கரகரத்தது.

“புகை இருக்குங்கய்யா” என்றேன்.

முதலாளி என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்ததைப் பிரித்தார்.